பகல் 11 மணிக்கு அடிக்கும் போன்

கேள்வி: எனக்கு 27 வயது. சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் மூன்றரை வருடமாக டெவலப்பர். சம்பளம் மாதம் 58,000 ரூபாய். சொந்த ஊர் ஈரோடு பக்கம். போன வருடம் தெரிந்தவர் மூலமாக, காங்கேயத்தில் மரச்செக்கு எண்ணெய் விற்கும் ஒரு அண்ணனுக்கு வூகாமர்ஸில் (வேர்ட்பிரஸ் சைட்டில் கடை நடத்த உதவும் மென்பொருள்) ஆன்லைன் கடை போட்டுக் கொடுத்தேன். 70,000 பேசி 35,000 வாங்கினேன். சைட் லைவ் ஆகி நாலு மாதம் ஆகிறது. மீதிப் பணம் வரவில்லை, போன் மட்டும் தினமும் வருகிறது. எழுத்தில் எதுவும் இல்லை. டொமைன் (சைட்டின் முகவரி), ஹோஸ்டிங் (சைட் இருக்கும் சர்வர் இடம்), அட்மின் பாஸ்வேர்டு எல்லாம் என் கையில்தான் இருக்கின்றன. ஒருநாள் சைட்டை நிறுத்தினால் பணம் தானாக வரும் என்கிறான் நண்பன். இதற்கு நடுவில் சிங்கப்பூரில் ஒரு சின்ன லாஜிஸ்டிக்ஸ் கம்பெனி, வாரம் 20 மணி நேரம் வேலை செய்தால் மாதம் 1,200 சிங்கப்பூர் டாலர் தருவதாகச் சொல்கிறது. எடுக்கலாமா? என் கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போகுமா? வருமான வரி, ஜி.எஸ்.டி. எல்லாம் எப்படி? அடுத்த தையில் தங்கைக்குக் கல்யாணம், பணம் தேவைப்படுகிறது.
— பெயர் வேண்டாம், சோழிங்கநல்லூர்

பதில்:

தம்பி, காங்கேயத்து அண்ணன் எத்தனை மணிக்குப் போன் செய்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. பரவாயில்லை, எனக்குத் தெரியும். காலை பத்தரைக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில். செக்கு வேலையை முடித்து, டீ குடித்துவிட்டு, மத்தியானம் கூரியர்க்காரர் வருவதற்குள் பார்சல் கட்ட உட்காருவார். அப்போதுதான் சைட்டைத் திறந்து பார்ப்பார். "தம்பி, ஒரு அம்மா ஜிபேல பணம் போட்டாச்சுங்கறாங்க, இங்க ஆர்டரே காணமே." நீங்கள் அந்த நேரம் ஸ்டாண்டப் என்கிற தினசரி மீட்டிங்கிலோ கிளையன்ட் காலிலோ போனை சைலன்டில் போட்டுக் கவிழ்த்து வைத்திருப்பீர்கள்.

பெரும்பாலும் காரணம் அற்பமாக இருக்கும். பேமெண்ட் கேட்வே (ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவை) பணத்தை வாங்கிக்கொண்டு, வந்துவிட்டது என்று உங்கள் சைட்டுக்கு ஒரு வெப்ஹூக், அதாவது தானியங்கித் தகவல், அனுப்பும். பாதுகாப்புக்கென்று நீங்கள் போட்ட செக்யூரிட்டி பிளகின், இது யாரோ ரோபோ என்று நினைத்து வாசலோடு திருப்பிவிட்டிருக்கும். ஆர்டர் 'பெண்டிங் பேமெண்ட்' நிலையிலேயே கிடக்கும். ஸ்டாக் கணக்கு வைத்திருந்தால் வூகாமர்ஸ் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு அதைத் தானே கேன்சல் செய்துவிடும். வெப்ஹூக் வரும் முகவரியை அனுமதிப் பட்டியலில் சேர்த்தால் தீர்ந்தது. பத்து நிமிட வேலைதான். அந்தப் பத்து நிமிடம் உங்களுக்கு ராத்திரி ஒன்பதரைக்குத்தான் கிடைக்கும். அதற்குள் அந்த அம்மா காங்கேயத்துக்கு நாலு தடவை கூப்பிட்டிருப்பார், அண்ணன் உங்களை எட்டுத் தடவை கூப்பிட்டிருப்பார். அவர் பாக்கியைப் பிடித்து வைத்திருப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பது என் சந்தேகம். ஏமாற்ற நினைக்கிறவர் தினமும் போன் செய்யமாட்டார், நீங்கள் செய்தால் எடுக்கமாட்டார்.

நானும் இதே கூத்தை ஆடியவன்தான். 2010 முதல் 2016 வரை கோவையில் பகலில் கம்பெனி வேலை, ராத்திரியில் வெளி வேலை. 2014 தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு ஸ்வீட் கடையின் சைட் திறக்கவில்லை. டொமைன் காலாவதி. அதை என் பெயரில், என் ஜிமெயிலில் வாங்கிப் போட்டிருந்தேன். புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில்கள் விளம்பர மெயில்களோடு போய் விழுந்து கிடந்தன. கடைக்காரர் கூப்பிட்டபோது நான் டெமோவில். ஆபீஸ் நெட்டில் டொமைன் விற்கிற தளங்கள் எல்லாம் பிளாக். வயிற்றுவலி என்று பொய் சொல்லி வெளியே ஓடி, பீளமேட்டில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து கார்டு நம்பர் அடித்தேன். காலாவதியாகி ஒரு வாரம்கூட ஆகவில்லை என்பதால் வழக்கமான கட்டணத்தோடு தப்பித்தேன். இன்னும் சில வாரம் விட்டு ரிடெம்ப்ஷன் என்கிற, கூடுதல் கட்டணம் கொடுத்து மீட்கும் கட்டத்துக்குப் போயிருந்தால் பல மடங்கு அழ வேண்டியிருக்கும். கடைக்காரர் திட்டவில்லை. "நீங்க வேலைக்குப் போறவரு, உங்களைச் சொல்லி என்னங்க ஆகுது" என்றார். அடுத்த வருடம் வேறு ஆளிடம் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் உங்களால் ஒதுக்க முடியும், அதை நம்புகிறேன். ஆனால் அது அத்தனையும் ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் இருக்கிறது. ஆன்லைன் கடை பகலில் பழுதாகும். அதனால், வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவர் ஆன்லைன் கடை போட்டுத் தரக்கூடாது என்பது என் கட்சி. எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சரி. பகல் 11 மணிக்குப் போன் வராத வேலை எது என்று பார்த்து அதை மட்டும் எடுங்கள்.

அப்படி வேலை உண்டா என்றால், உண்டு. திருப்பூரில் ஒரு நூல் வியாபாரிக்கு நான் செய்தது ஞாபகம் வருகிறது. அவருடைய ஸ்டாக் எல்லாம் டேலி கணக்கு மென்பொருளில். சைட்டிலும் அதே எண்ணிக்கை தெரிய வேண்டும், உட்கார்ந்து டைப் அடிக்க ஆள் இல்லை. டேலியை சர்வராக அமைத்துவிட்டால், அது ஓடுகிற கம்ப்யூட்டரில் 9000ஆம் போர்ட்டில் எக்ஸ்.எம்.எல். வடிவில் கேள்வி அனுப்பிக் கேட்கலாம், ஸ்டாக்கை அப்படியே கொட்டிவிடும். கடை மூடுவதற்கு முன் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் அதை வாங்கி சைட்டில் ஏற்றும். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்தேன். ஒருநாள் அது ஓடாமல் போனாலும் நேற்றைய கணக்கு தெரியும், அவ்வளவுதான், யாரும் அலறமாட்டார்கள். ரெண்டு வருடத்தில் அவரிடமிருந்து ரெண்டே போன், அதில் ஒன்று அவர் மகள் கல்யாணத்துக்கு அழைக்க.

பழைய சைட்டை வேறு ஹோஸ்டிங்குக்கு மாற்றுவது, பக்கம் திறக்கப் பத்து விநாடி எடுக்கும் சைட்டை வேகப்படுத்துவது, டாக்டருக்கோ ஆர்கிடெக்டுக்கோ நாலு பக்க சைட், இவையெல்லாம் அந்த ரகம். எல்லாவற்றையும்விட நல்லது, சின்ன வெப் டிசைன் ஆபீஸ்களுக்குப் பின்னால் இருந்து வேலை செய்துகொடுப்பது. கஸ்டமரிடம் அவர்கள் வாங்குவதில் பாதிதான் உங்களுக்கு வரும். இளவயதில் எனக்கு அது கொள்ளையாகப் பட்டது. இன்று நானே நாலு பேரை வைத்து அப்படி ஒரு ஆபீஸ் நடத்துகிறேன். மீதிப் பாதி எதற்கு என்று இப்போது தெரிகிறது: போன் எடுப்பதற்கு.

சிங்கப்பூர் விஷயத்துக்கு வருகிறேன். காலை ஒன்பதரைக்கு அவர்கள் ஸ்டாண்டப் வைத்தால் நமக்கு மணி ஏழு. ஆபீஸ் போவதற்குள் முடிந்துவிடும், சௌகரியம்தான் என்று தோன்றும். ஆனால் அவர்களுடைய முழு வேலைநாளும் நம்முடைய காலை ஆறரையிலிருந்து மாலை நாலு வரை ஓடுகிறது. ஸ்லாக்கில் (ஆபீஸ் சாட் ஆப்) மெசேஜ் வருவது பதினோரு மணிக்குத்தான். காங்கேயமாவது தமிழில் கூப்பிடுகிறது. வாரம் 20 மணி என்று நேரத்துக்குச் சம்பளம் பேசினால் அது வெளி வேலை கிடையாது, இரண்டாவது உத்தியோகம். இப்படியே எடுக்காதீர்கள். அவர்களிடம் ஒரு தனி வேலையைப் பிரித்துக் கேட்டுப் பாருங்கள்: இந்த ரிப்போர்ட் பகுதி, இத்தனை திரை, இந்தத் தேதி, இவ்வளவு தொகை, தினசரி மீட்டிங் கிடையாது. ஒத்துக்கொண்டால் எடுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் அவர்களுக்கு வேண்டியது முழுநேர ஆள், பாதி விலையில்.

கம்பெனிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு, சேரும்போது நீங்கள் வாசிக்காமல் கையெழுத்துப் போட்ட தாள்களில்தான் பதில் இருக்கிறது. ஆஃபர் லெட்டரை எடுத்து மூன்று இடங்களைப் பாருங்கள். வேறு வேலை செய்யக்கூடாது என்கிற வரி, நலன் முரண்பாடு பற்றிய வரி, பணிக்காலத்தில் நீங்கள் உருவாக்குவது யாருக்குச் சொந்தம் என்கிற வரி. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறதே என்று சிலர் கிளம்புவார்கள். அது வேலையை விட்ட பிறகு போட்டிக் கம்பெனிக்குப் போகாதே என்கிற நிபந்தனைக்கு உதவும். வேலையில் இருக்கும்போது வேறிடத்தில் வேலை பார்க்காதே என்பதை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்கின்றன.

2022 செப்டம்பரில் விப்ரோ தலைவர் ரிஷாத் பிரேம்ஜி, போட்டிக் கம்பெனிகளுக்கும் வேலை பார்த்த 300 பேரை நீக்கியதாக வெளிப்படையாகச் சொன்னார். அதே மாதம் இரட்டை வேலை கூடாது என்று இன்ஃபோசிஸ் ஊழியர்களுக்கு மெயில் போட்டது. அடுத்த மாதமே, கம்பெனிக்கும் அதன் கிளையன்டுகளுக்கும் போட்டியில்லாத கிக் வேலையை (துண்டு துண்டாக எடுக்கும் வெளி வேலை) முன் அனுமதியோடு செய்யலாம் என்றும் வழிவிட்டது. ஆக, உங்கள் ஹெச்.ஆரிடம் எழுத்தில் கேட்பது பைத்தியக்காரத்தனம் இல்லை. "சொந்த நேரத்தில், சொந்த லேப்டாப்பில், சிறு கடைகளுக்கு வெப்சைட் செய்துதர அனுமதி வேண்டும்" என்று நாலு வரி மெயில் போதும். முடியாது என்று பதில் வந்தால் அதுவும் ஒரு பதில்தான், கல்யாணத்துக்கு முன்னால் தெரிந்துகொள்வது நல்லது. கேட்காமல் செய்தால் மாட்டுவதற்கு வழிகள் நிறைய உண்டு. இரண்டாவது இடத்தில் பி.எஃப். பிடித்தால் யு.ஏ.என். என்கிற ஒரே பி.எஃப். எண்ணில் வந்து நிற்கும். டி.டி.எஸ். (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) பிடித்தால் வருமான வரித் துறையில் உங்கள் பெயரில் இருக்கும் வரிப் பட்டியலில் வரும், அடுத்த கம்பெனி பின்னணிச் சரிபார்ப்பில் அதைக் கேட்டாலும் கேட்கும். பக்கத்து சீட்காரரும் ஒரு வழி.

எது எப்படியோ, ஆபீஸ் லேப்டாப்பைத் தொடாதீர்கள். ஆபீஸ் காசில் வாங்கிய ஏ.ஐ. டூல், ஆபீஸ் கிட்ஹப் (கோடு சேமிக்கும் தளம்) கணக்கு, ஆபீஸில் எழுதி வைத்த ஒரு ஃபங்ஷன், எதுவும் வெளி வேலைக்குள் வரக்கூடாது. மற்றதில் எல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பேசிச் சமாளிக்கலாம். இதில் முடியாது.

வரியைப் பற்றி எல்லோரும் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். வெளியிலிருந்து வருவது தொழில் வருமானம். அதனால் இதுவரை நீங்கள் போட்ட ஐ.டி.ஆர்.-1 என்கிற எளிய வரிக்கணக்குப் படிவம் இனி ஆகாது. 1961 வருமான வரிச் சட்டத்தில் 44ஏடிஏ என்று ஒரு பிரிவு இருந்தது. குறிப்பிட்ட சில தொழில்காரர்கள் வரவில் பாதியை வருமானம் என்று காட்டினால் போதும், கணக்குப் புத்தகம் வேண்டாம், ஐ.டி.ஆர்.-4 போடலாம். தகவல் தொழில்நுட்பத்தை அந்தப் பட்டியலில் 2001லேயே சேர்த்துவிட்டார்கள். ஆண்டு வரவு 50 லட்சம் வரை, ரொக்கம் 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம் வரை. 2026 ஏப்ரலில் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்களை எல்லாம் மாற்றிவிட்டது, ஆடிட்டர் பழைய எண்ணைச் சொன்னாலும் புதியதைச் சொன்னாலும் குழம்ப வேண்டாம்.

உங்கள் கணக்கையே போடுவோம். ஆண்டுச் சம்பளம் 6,96,000. புதிய முறையில் நிலையான கழிவு 75,000 போக 6,21,000. வெளி வேலையில் வருடம் 3 லட்சம் வந்தால் அதில் பாதி, 1,50,000. மொத்தம் 7,71,000. 2025-26 நிதியாண்டிலிருந்து 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். யாராவது டி.டி.எஸ். பிடித்திருந்தால் அதுவும் திரும்ப வரும். பூஜ்யம் வரிக்குப் பயந்து வருமானத்தை ஒளித்து வைப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு எச்சரிக்கை: சம்பளம் மட்டும் வாங்குகிறவர் பழைய முறை, புதிய முறை என்று வருடா வருடம் மாறலாம். தொழில் வருமானம் உள்ளவர் பழைய முறைக்குப் போய்விட்டுப் புதியதற்குத் திரும்பினால், அந்த வருமானம் இருக்கும்வரை மறுபடி பழையதற்குப் போக முடியாது. வீட்டுக் கடன் வாங்கும் யோசனை இருந்தால் இதை ஆடிட்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஜி.எஸ்.டி. இப்போதைக்கு உங்களுக்கு வேண்டாம். சேவைக்கு வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம். சம்பளம் அதில் சேராது, வெளிநாட்டு வரவு சேரும். பதிவு செய்யாமல் பில்லில் ஜி.எஸ்.டி. போட்டு வசூலிக்க மட்டும் கூடாது.

இப்போது காங்கேயம். சைட்டை நிறுத்தச் சொன்ன நண்பரிடம் இந்தப் பத்தியைக் காட்டுங்கள். அனுமதி இல்லாமல் ஒருவருடைய கம்ப்யூட்டர் சேவையை முடக்குவது 2000ஆம் வருடத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவில் வருகிறது. நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தோடு செய்தால் 66ஆம் பிரிவு, மூன்று வருடம் வரை சிறை அல்லது 5 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். 35,000 ரூபாய்க்கு நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது, நீங்களே குற்றவாளிக் கூண்டில் ஏறிக்கொள்வானேன்?

உங்கள் கையில் இதைவிட நல்ல பிடி ஒன்று இருக்கிறது. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் கம்ப்யூட்டர் புரோகிராம் ஓர் இலக்கியப் படைப்பு. (நீங்கள் எழுதிய பி.ஹெச்.பி. கோடு இலக்கியம் என்று உங்கள் தமிழாசிரியரிடம் சொல்லிப் பாருங்கள்.) ஊழியராக எழுதினால் அது முதலாளிக்குச் சொந்தம். வெளி ஆளாக எழுதினால், எழுத்தில் மாற்றிக் கொடுக்கும்வரை எழுதியவருக்கே சொந்தம். அண்ணன் காசு கொடுத்தார் என்பதாலேயே உங்கள் கோடு அவருடையதாகிவிடாது. வேர்ட்பிரஸ்ஸும் பிளகின்களும் உங்களுடையவை அல்ல, நீங்கள் சொந்தமாக எழுதிய தீம், ஸ்கிரிப்ட் மட்டும். மாற்றிக் கொடுக்கும் கடிதத்தில் காலமும் எல்லையும் எழுதாவிட்டால் ஐந்து வருடத்துக்கு, இந்தியாவுக்குள் மட்டும் என்று சட்டமே வைத்துக்கொள்ளும். நாளைக்கு மலேசியாவுக்கு எண்ணெய் அனுப்பும் ஆசை அவருக்கு இருக்கலாம். அதனால் ஒழுங்காக எழுதிக் கொடுங்கள். இதை மிரட்டலாகச் சொல்லாமல், அவருக்குத் தர வேண்டிய ஒரு பத்திரமாகச் சொல்லுங்கள். கிரயப் பத்திரம் இல்லாமல் யாரும் தோட்டத்துக்கு முழுப் பணம் தரமாட்டார்கள், அது அவருக்குப் புரியும்.

போனில் பேசாதீர்கள், நேரில் போங்கள். ஒரு ஞாயிறு காலை, ரெண்டு பக்கம் பிரிண்ட் எடுத்துக்கொண்டு. முதல் பக்கத்தில் இதுவரை செய்த வேலை, பாக்கி 35,000, அது வந்த அன்றே கோடும் ஹோஸ்டிங்கும் அவர் பெயருக்கு மாறும் என்று. டொமைனை மட்டும் பணத்துக்குக் காத்திராமல் அவருடைய மெயிலில், அவருடைய கார்டில் மாற்றிக் கொடுத்துவிட்டு எழுந்திருங்கள். ஸ்வீட் கடை கதை உங்களுக்கு வேண்டாம்.

ரெண்டாவது பக்கம் இனிமேலுக்கு. உங்கள் ஊர்ப் பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் கூட்டாளி யாராவது இருப்பார், பகலில் போன் எடுக்கக்கூடியவர். அவரையும் கூட்டிக்கொண்டு போய், "அண்ணா, இனிமே பகல்ல இவரைக் கூப்பிடுங்க, முடியாததை ராத்திரி நான் பாக்கறேன்" என்று முகம் பார்த்துச் சொல்லுங்கள். மாதம் 2,500 ஏ.எம்.சி. (பராமரிப்புக் கட்டணம்), அதில் 1,500 கூட்டாளிக்கு. உங்களுக்கு மிஞ்சுவது ஆயிரம்தான் என்று யோசிக்காதீர்கள். கூப்பிட்டால் ஆள் கிடைக்கிறது என்று தெரிந்துவிட்டால், மீதி முப்பத்தைந்துக்கு அண்ணன் ரெண்டு தவணை கேட்பார். கொடுங்கள். முதல் தவணையை அன்றைக்கே ஜிபேயில் வாங்கிவிடுங்கள். அது உள்ளே வந்து விழும்போது வெப்ஹூக்கும் சரியாக வேலை செய்கிறதா என்று அவர் சைட்டிலேயே ஒரு பாட்டில் ஆர்டர் போட்டுப் பார்க்கலாம்.

வரும்போது வீட்டுக்கு ரெண்டு லிட்டர் கடலை எண்ணெய் வாங்கி வாருங்கள், காசு கொடுத்து. பாக்கியில் கழித்துக்கொள்ளலாம் என்பார். ஒத்துக்கொள்ளாதீர்கள்.